அதிர்வு மேடையில் தசை வேலையை எப்படி அளக்கிறார்கள்?

சிங்கப்பூரில் தோ பாயோ, ஈசூன் மாதிரிக் குடியிருப்புப் பேட்டைக் கடைத்தொகுதிகளில் அதிர்வு மேடை (ஏறி நின்றால் உடலை அதிரவைக்கும் உடற்பயிற்சிக் கருவி) விற்பவர்கள் தசை இத்தனை மடங்கு வேலை செய்கிறது என்று எண் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் முதல் கேள்வி, அதை எப்படி அளந்தார்கள் என்பதுதான்.

பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் ஈ.எம்.ஜி. எடுப்போம், அதாவது தசையின் மின் சிக்னலைப் பதிவுசெய்வோம். தொடையில் முடியை மழித்து, ஆல்கஹாலால் துடைத்து, தசையிழை ஓடும் திசையில் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு எலக்ட்ரோடுகளை ஒட்டுவோம். தசை சுருங்கும்போது தோலுக்கு மேலே கிடைக்கும் மின்னழுத்தம் ரொம்பச் சின்னது, மைக்ரோவோல்ட் கணக்கில்தான் பெரும்பாலும் இருக்கும்.

இப்போது மேடையை ஓடவிடுங்கள். 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 அதிர்வு), 2 மி.மீ. வீச்சு என்றால் மேடையின் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு வரும். முழங்காலை மடக்கி நின்றால் உடலில் மேலே போகப்போக அது குறையும், ஆனாலும் தோல், எலக்ட்ரோடு, ஒயர் எல்லாம் ஆடும், அந்த ஆட்டமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கித் தசையின் சிக்னலோடு கலந்துவிடும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் அலைமாலையைப் போட்டுப் பார்த்தால் 30, 60, 90 ஹெர்ட்ஸில் ஊசி மாதிரி முகடுகள் நிற்கும்.

அந்த முகடுகளை, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் நாட்ச் ஃபில்டர் போட்டு வெட்டிவிட்டால் போதுமே என்பீர்கள். சிக்கலே அங்கேதான். அதிர்வில் தசை இழுபடும்போது அனிச்சைச் செயலாகத் தசை அதே தாளத்தில் சுருங்கவும் செய்கிறது, அதுவும் அதே 30 ஹெர்ட்ஸில்தான் தெரியும். வெட்டினால் உண்மையும் போகிறது, வெட்டாவிட்டால் பொய்யும் உள்ளே வருகிறது. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. தசையே இல்லாத முழங்கால் சில்லின்மேல் ஒரு எலக்ட்ரோடு ஒட்டி, அங்கே என்ன பதிவாகிறது என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. மேடையை 50 ஹெர்ட்ஸில் வைக்காமல் இருப்பதும் நல்லது, நம் ஊர் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சலும் பதிவில் அதே இடத்தில் கலந்துவிடும்.

அப்புறம் ஒப்பீடு. அதே நிலையில், அதிர்வு இல்லாமல், அதே முழங்கால் மடிப்போடு நின்றபோது எவ்வளவு என்று தெரியாமல் மடங்குக் கணக்கு சொல்வதை நான் ஏற்பதில்லை.

என் அத்தை வாங்கலாமா என்று கேட்டார். பேஸ்மேக்கர், ரத்தக்கட்டி, சமீபத்திய அறுவைசிகிச்சை இருந்தால் ஏறவே கூடாது, மற்றபடி மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள் அத்தை, ஆனால் அந்த எண்ணைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள் என்று சொன்னேன்.