சரிவில் மண் ஓடாமல் இருக்க

சரிவான நிலத்தில் மண் அரிக்கிறது என்றால் எல்லோரும் முதலில் கல் சுவரைத்தான் யோசிக்கிறார்கள், ஆனால் அரிப்பு பெரும்பாலும் தொடங்குவது வெறும் மண்ணில் வந்து விழும் மழைத்துளியில். துளி விழுந்த வேகத்தில் மண்கட்டி உடைந்து, அந்தப் பொடி மேலே இருக்கும் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடிப் பள்ளம் பறிக்கும். அதனால் முதல் வேலை மூடாக்கு. வைக்கோலோ சருகோ, எது கிடைத்தாலும் சரி. சரிவு அதிகமென்றால் அதன்மேல் தேங்காய் நார் வலையை விரித்து முளைக்குச்சி அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே எல்லாம் கீழே போய்ச் சேரும்.

செடியில் என் ஓட்டு வெட்டிவேருக்குத்தான். வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் நேராக 3 மீட்டர் வரைகூட இறங்கும். சமமட்டக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் வரிசையில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். நடுவில் ஒரு தூர் பட்டுப்போனாலும் தண்ணீர் அந்தச் சந்துக்குள்தான் பாயும், உடனே வேறு தூர் வையுங்கள். வேலி அடர்ந்ததும் பின்னால் வண்டல் தங்கித் தங்கி, சரிவே மெல்லப் படிகளாகிவிடும். வெட்டிவேருக்கு நிழல் மட்டும் ஆகாது.

மண்ணுக்கு மக்கிய உரம் நல்லது, துகள்களை ஒட்டவைக்கும். மண்ணைச் சீராக்கப் போடும் ஜிப்சம் என்ற கனிமம் எல்லா மண்ணுக்கும் தேவையில்லை. காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு டம்ளர் மழைநீரில் போட்டு, அசைக்காமல் விட்டுப் பாருங்கள்: சுற்றிலும் பால் போலக் கலங்கினால் பெரும்பாலும் சோடியம் அதிகம், அங்கே ஜிப்சத்தில் உள்ள கால்சியம் வேலை செய்யும். கலங்காமல் வெறுமனே நொறுங்கி உட்கார்ந்தால், அந்தக் காசையும் மக்கு உரத்திலேயே போடுங்கள்.