பவர் ஆம்ப்பை வேறு பிராண்டுக்கு மாற்றும் முன்

ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பிரீஆம்ப்பும், அதன் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்பும் ஒரே பிராண்டாக இருக்கும்வரை, இரண்டும் ஒத்துப்போகுமா என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. "புது ஆம்ப்பில் பேஸே இல்லை" என்ற புலம்பல் பல நேரம் இங்கேதான் தொடங்கும்.

முதலில் கெயின், அதாவது உள்ளே வரும் வோல்ட்டேஜை ஆம்ப் எவ்வளவு பெருக்குகிறது என்பது. 8 ஓமில் 100 வாட் என்றால் ஸ்பீக்கர் முனையில் 28.3 வோல்ட். 26 டெசிபல் கெயின் உள்ள ஆம்ப்புக்கு அதற்கு 1.4 வோல்ட் உள்ளீடு வேண்டும். 32 டெசிபல் என்றால் 0.7 போதும். அதனால் கெயின் கூடிய புது ஆம்ப்பில், பிரீஆம்ப்பின் வால்யூம் குமிழைத் தொட்டதுமே சத்தம் எகிறும். அது கூடுதல் பவர் இல்லை, கூடுதல் கெயின். குமிழ் எப்போதும் அடியிலேயே நிற்கும். அந்த இடத்தில், குமிழுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் இடது, வலது டிராக்குகள் சரியாக ஒத்திருக்காது. நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாயும். ஆம்ப்பில் கெயின் சுவிட்ச் இருந்தால் குறையுங்கள். இல்லையென்றால் பவர் ஆம்ப்பின் உள்ளீட்டில் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள்.

பேஸ் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. வால்வு பிரீஆம்ப்பின் வெளியீட்டில் பெரும்பாலும் டிசியைத் தடுத்து இசை சிக்னலை மட்டும் விடும் ஒரு கப்ளிங் கெப்பாசிட்டர் இருக்கும். அது 0.47 மைக்ரோஃபாரட், பவர் ஆம்ப்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 47 கிலோஓம் என்றால், 7 ஹெர்ட்ஸில்தான் 3 டெசிபல் இறங்கும். அதே பிரீஆம்ப்பை 10 கிலோஓம் ஆம்ப்பில் மாட்டினால் 34 ஹெர்ட்ஸிலேயே இறங்கிவிடும். எந்தக் கேபிள் வாங்கினாலும் இது சரியாகாது. உள்ளீட்டு இம்பீடன்ஸ், பிரீஆம்ப்பின் வெளியீட்டு இம்பீடன்ஸைவிடக் குறைந்தது 10 மடங்கு இருக்க வேண்டும். வால்வுக்கு இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது.

மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் இணைப்பில் இப்போதைய வழக்கம் 2ஆம் பின் பாசிட்டிவ். ஜப்பானிய நிறுவனமான அக்யூஃபேஸின் பல மாடல்களில் 3ஆம் பின். இதனால் பாசிட்டிவும் நெகட்டிவும் இரண்டு சேனலிலும் சேர்ந்து இடம் மாறித் திரும்பினால் கேட்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரே ஸ்பீக்கரின் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் தனித்தனி ஆம்ப் வைக்கும் பை-ஆம்பிங்கில் ஒரு ஆம்ப் மட்டும் திரும்பினால், இரண்டும் சந்திக்கும் கிராஸ்ஓவர் பகுதியில் ஒலி குழிவிழும்.

இரண்டு சேனலை ஒன்றாகச் சேர்த்து பிரிட்ஜ் செய்த ஆம்ப்பில் கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும். ஸ்பீக்கர் முனையிலிருந்து சிக்னல் எடுக்கும் சப்வூஃபரின் ஹை-லெவல் கேபிளில் உள்ள கிரவுண்ட் ஒயரை அங்கே மாட்டினால் ஆம்ப்பே போய்விடலாம். அதை ஆம்ப்பின் உலோகப் பெட்டியோடு சேர்ந்த சேஸிஸ் கிரவுண்டில் கொடுங்கள்.

பிரிட்டிஷ் நிறுவனமான நெய்மின் பழைய பவர் ஆம்ப்கள் ஸ்பீக்கர் கேபிளின் இண்டக்டன்ஸை (மின்னோட்டம் சட்டென மாறுவதை எதிர்க்கும் குணம்) நம்பி வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு அவர்களின் என்ஏசி ஏ5 கேபிள், ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 3.5 மீட்டர். வேறு பிராண்டிலிருந்து வருபவர்கள், கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) அதிகமான பழைய கேபிளைத் தயவுசெய்து மாட்டாதீர்கள்; ஆம்ப் தானாகவே அலைவுகளை உண்டாக்கி (ஆசிலேட் ஆகி) சூடேறும்.

பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டுமா? 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து 1.00 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆம்ப்பில் 0.99க்கும் 1.01க்கும் நடுவில் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் இருக்கும். காதை வைத்து அளவைச் சமன் செய்யாதீர்கள்: அரை டெசிபல் கூடினாலும் சத்தம் கூடியதாகத் தெரியாது, "தெளிவு கூடியிருக்கிறது" என்றுதான் தோன்றும். 1000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர்கள் பல 400க்கு மேல் சரியாகக் காட்டாது.