பழைய ரைஃபிளைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா?

ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் என் ரைஃபிள் பழைய மாதிரி சுடவில்லை. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த புயல் அது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகி வந்ததைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லாமல், ஜன்னலைத் திறக்க வழியில்லாமல் கிடந்த அந்த நாட்களில் சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது. மழை விட்டபின் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் படுத்தால், 50 மீட்டர் தூரத்து இலக்கில் நடு வளையமான பத்தில் விழ வேண்டிய குண்டுகள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எட்டிலும் ஒன்பதிலும் விழுகின்றன.

என்னிடம் இருப்பது ஆன்ஷூட்ஸ் 1411. ஜெர்மனியின் ஊல்ம் நகரத்துக் கம்பெனி. ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு, பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடிச் சுடும் .22 ரைஃபிள், தோளோடு அணைக்கும் வால்நட் மரக்கட்டை, கனமான பேரல், அதாவது குழல். படுத்துச் சுடும் புரோன் போட்டிக்கென்றே செய்தது. சுடுவதை நிறுத்திக்கொண்ட ஒரு மூத்தவரிடமிருந்து முறைப்படி என் லைசென்ஸுக்கு மாற்றி வாங்கினேன். எனக்கு இதன் மேல் பாசம் அதிகம். அதனாலேயே பாசத்தை ஓரமாக வைத்துவிட்டு முடிவெடுக்க நினைத்தேன்.

கூடச் சுடுகிறவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பேரல் போயிருக்கும், புது பேரல் போடு என்றார் ஒருவர். எவ்வளவு நாளைக்கு இதையே வைத்துக்கொண்டு இருப்பாய், அலுமினியக் கட்டையோடு புதிதாக ஒன்று வாங்கு என்றார் இன்னொருவர். ரைஃபிளை எனக்குக் கொடுத்த அண்ணனிடம் போன் போட்டுக் கேட்டேன். "தம்பி, எது கெட்டுதுன்னே தெரியாம எத மாத்துவ?" என்றார். அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் செய்தேன்.

அதற்கு முன்னால் சட்டம். நம் ஊரில் இந்தக் கேள்வியைப் பணத்திலிருந்து ஆரம்பித்தால் பாதி தூரத்தில் நின்றுவிடுவோம்.

லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கியின் மாடலும் குழல் அளவான காலிபரும் எண்ணும் எழுதியிருக்கும். என் ரைஃபிளில் பேரலும் போல்ட்டும் பொருந்தும் நடுப்பாகமான ரிசீவர், பேரல் இரண்டிலும் எண் பொறித்திருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுக்கிறது. பேரல் என்பது சைக்கிளுக்கு டயர் மாற்றுவது போன்ற சமாச்சாரம் இல்லை. அதை வாங்கவும் அனுமதி வேண்டும், மாட்டித் தருகிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். சிப்காட் பக்கம் மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் லேத்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கைக்காரராக இருந்தாலும், ஆயுதம் பழுதுபார்க்கும் உரிமம் இல்லாதவர் இதில் கை வைக்கக் கூடாது. தவிர, இந்த வகை ஆன்ஷூட்ஸில் பெரும்பாலும் பேரலை மரை போட்டு முறுக்கியிருக்க மாட்டார்கள். ரிசீவருக்குள் இறுக்கிச் செருகிக் குறுக்கே ஊசி அடித்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்றுவது பழக்கப்பட்டவர் செய்ய வேண்டிய வேலை.

புதிது வாங்குவதில் வேறொரு முடிச்சு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. பதக்கம் வாங்கியவர்களுக்கும் குறிப்பிட்ட தகுதி பெற்ற வீரர்களுக்கும் தனித் தளர்வுகள் உண்டு. நான் அந்த வரிசையில் இல்லை. பண்ருட்டி பக்கம் தாத்தா வைத்திருந்த பலாத்தோப்புக் காவல் துப்பாக்கி, ஒரு இரட்டைக்குழல், வாரிசு முறையில் என் பெயருக்கு வந்திருக்கிறது. அதுவும் இதுவும் சேர்ந்தால் இரண்டு முடிந்தது. புது ரைஃபிள் வர வேண்டுமானால் ஒன்று போயே ஆக வேண்டும். தனிநபரிடம் விற்பதானால், வாங்குகிறவரின் விவரத்தோடு மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுத்துத்தான் கைமாற்ற முடியும். அது முடிந்து, வாங்க அனுமதி வந்து, பிறகு போட்டி ரைஃபிளை வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். வரிச்சலுகையோடு இறக்குமதி செய்வது பெயர்பெற்ற வீரர்களுக்கு உள்ள வழி. என் போன்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கைமாறி வருவதுதான். அதன் பேரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது வாங்கிச் சுட்டுப் பார்க்கும்வரை தெரியாது. பழைய கேள்வியையே பல லட்சம் கொடுத்து மறுபடி வாங்குவதாக ஆகிவிடும்.

சரி, இனி சோதனை.

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் பருமன் 5.6 மி.மீ. குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்து. கணக்குப் போட்டால், நடுவில் அமைந்த 16 மி.மீ. வட்டத்துக்குள் குண்டுகளின் மையங்கள் எல்லாம் அடங்கிவிட்டால் அத்தனையும் பத்துதான். ஆள் தவறை எடுத்துவிட்டு, துப்பாக்கி தானாக இந்த 16க்குள் போடுகிறதா என்பதே என் அளவுகோல். போட்டியில் லென்ஸ் வைத்த தொலைநோக்கிக்கு இடமில்லை, துளைவழியாகப் பார்க்கும் டயாப்டர்தான். சோதனைக்கு மட்டும் ஒரு ஸ்கோப்பை மாட்டி, முன்னால் ஸ்டாண்டும் பின்னால் மணல்பையும் வைத்து, காற்று எழும்பாத காலை நேரத்தில் பத்துப் பத்துக் குண்டாகச் சுட்டேன். பக்கவாட்டில் நொடிக்கு ஒரு மீட்டர் காற்றடித்தாலே .22 குண்டு 50 மீட்டரில் அரை சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். வெயில் ஏறிய பிறகு செய்யும் சோதனையை நான் நம்புவதில்லை.

ரேஞ்ச் சென்னைப் பக்கம். என் லைசென்ஸ் செல்லுபடியாகும் பகுதி தமிழ்நாடு மட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் ரெட்டிச்சாவடி தாண்டியதும் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று யூனியன் பிரதேசத்துக்குள் போய்விடுவோம். துப்பாக்கி வண்டியில் இருக்கும்போது அந்த வழி ஆகாது. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றித்தான் போவேன். கடலூரில் லைசென்ஸ் வைத்திருக்கும் பலரும் இதை யோசிப்பதில்லை. பாண்டி இருபது கிலோமீட்டர்தானே என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஸ்கோப் வைத்துச் சுட்டதிலும் குரூப், அதாவது குண்டுகள் விழுந்த பரப்பு, பெரியது, அதுவும் நெட்டுக்குத்தாக. அகலம் பரவாயில்லை, உயரம்தான் பிரச்சினை. ஆக, என் தோளிலோ மூச்சிலோ கோளாறு இல்லை, துப்பாக்கியிலோ தோட்டாவிலோதான் என்று தெரிந்தது. அன்றைக்கு மனசுக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

நெட்டுக்குத்தாக விரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேகத்தை. போட்டித் தோட்டா நொடிக்கு ஏறக்குறைய 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதில் 10 மீட்டர் குறைந்தால் 50 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 7 மி.மீ. கீழே விழும். நண்பரின் வேகமானியை வைத்துப் பார்த்ததில் குண்டுக்குக் குண்டு வேகம் எகிறிக் குதித்தது. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. பயரிங் பின் என்னும் அடிக்கும் ஊசி அந்த விளிம்பை ஒவ்வொரு முறையும் ஒரே பலத்தோடு அடித்தால்தான் மருந்து ஒரே மாதிரி பற்றும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், அல்லது போல்ட்டுக்குள் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தால் அடி சோர்ந்துபோகும். சென்னையில் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் போல்ட்டைப் பிரித்துக் காட்டியபோது இரண்டுமே இருந்தன. சுத்தம் செய்து ஸ்பிரிங்கை மாற்றினார். எல்லாவற்றிலும் மலிவான வேலை அதுதான், பலனும் அதில்தான் அதிகம். உயரம் பாதிக்குமேல் குறைந்தது.

அவரிடமே பேரலின் உட்புறத்தைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொன்னேன். இவ்வளவு நாளும் எல்லோரும் குற்றம் சாட்டியது அதைத்தானே! தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் கரி வளையமாகப் படிந்து கெட்டியாகியிருந்தது. அதைக் கரைத்து எடுத்தபின் கீழே நல்ல எஃகு. வாய்ப்பக்க விளிம்பில் கீறல் இல்லை, துரு இல்லை. ஈயக் குண்டு, குறைந்த வேகம், குறைந்த வெப்பம். பெரிய காலிபர் ரைஃபிள்போல .22 பேரல் சில ஆயிரம் குண்டுகளில் தேய்ந்துபோவதில்லை. சுத்தமாக வைத்திருந்தால் பல்லாயிரம் தாங்கும். பழசு என்பதற்காக மட்டும் ஒரு நல்ல பேரலைத் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

மிச்சமிருந்த கோணல் மரத்தில். ரிசீவர் உட்காரும் இடத்தில் கட்டை ஈரம் குடித்துப் பருத்திருந்தது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. கட்டையின் முனையில், நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, முள் பேரலைத் தொடும்படி வைத்து, ரிசீவரைக் கட்டையோடு பிடித்திருக்கும் முன் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்த வேண்டும். முள் அசையாமல் இருந்தால் ரிசீவர் நெருக்கடி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு முள் ஓடியது. அதாவது ஸ்க்ரூவை இறுக்கும்போதெல்லாம் கட்டை ரிசீவரை வளைத்துப் பிடித்திருக்கிறது. டயல் கேஜ் மட்டும் லேத் பட்டறையிலிருந்து இரவல், ஸ்க்ரூவில் கை வைத்தது நான்.

இங்கேதான் உண்மையான முடிவு வந்தது. ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்ததைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். என் ரைஃபிளின் மேட்ச் 54 ஆக்‌ஷன் குடும்பம் இன்றைய 1907, 1913 மாடல்கள் வரை தொடர்வதால், அதற்குப் பொருந்தும் அலுமினியக் கட்டைகள் இன்றும் செய்து விற்கிறார்கள். கடற்கரை ஊருக்கு அலுமினியம் நல்லது, ஈரம் குடிக்காது. கன்னம், தோள், கைப்பிடி எல்லாவற்றையும் ஆளுக்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். ஆனால் விலை பெரிது. புரோன் மட்டும் சுடும் எனக்கு இந்த மரக்கட்டை அளவில் சரியாக இருக்கிறது. அதனால் ஸ்க்ரூ போகும் இரண்டு துளைகளிலும் அலுமினியத் தூண் வைத்து, ரிசீவர் அமரும் இடத்தை எபாக்ஸிப் பசையால் வார்த்து, உள்மரம் முழுவதையும் ஈரம் புகாமல் அடைத்துத் தரச் சொன்னேன். அதையும் அதே மெக்கானிக்தான் செய்தார். இப்போது முள் அசைவதில்லை.

கடைசியாகத் தோட்டா. ஒரே பிராண்டு, ஒரே பெயர், ஆனால் ஒரே தவணையில் தயாரானதைக் குறிக்கும் லாட் எண் மாறினால் அதே பேரலில் குரூப் மாறும். கிளப் மூலம் வெவ்வேறு லாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் தொடர்ந்து 15 மி.மீ. ஒட்டியே போட்டது. புது ரைஃபிளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதிக்கு, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு அந்த லாட்டையே வாங்கி வைத்துவிட்டேன். என்னைக் கேட்டால் பேரலுக்கும் கட்டைக்கும் முன்னால் காசு போக வேண்டிய இடம் இதுதான்.

எல்லோரும் என்னைப் போல முடிவெடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எங்களோடு சுடும் கல்லூரிப் பெண் ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில் வேறு. ஆண்கள் புரோன் தனிப் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. இப்போது 50 மீட்டரில் எதிர்காலம் மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் போட்டிக்குத்தான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் அதில்தான். ஒவ்வொரு நிலைக்கும் கட்டையை மாற்றி அமைக்க முடியாத ரைஃபிளோடு அவள் மல்லுக்கட்டக் கூடாது. "நீ தேசிய அளவு தகுதியை வாங்கும்மா, வாங்கினதும் புதுசுக்கே போ, எதையும் யோசிக்காத" என்றேன். வயசும் குறிக்கோளும் அவள் பக்கம் இருக்கும்போது சிக்கனம் பார்ப்பது சரியில்லை.

மழைக்காலத்தில் ரைஃபிளை ஸ்பாஞ்ச் பெட்டிக்குள் வைப்பதை விட்டுவிட்டேன். ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்து எஃகின் மேலேயே ஒத்தடம் கொடுக்கும். எண்ணெய் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு இரும்பு அலமாரியில் நிற்க வைக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்கு முன்னும் தை மாதத்திலும் டயல் கேஜை வைத்து முள் அசைகிறதா என்று பார்த்துவிடுவேன். ஸ்க்ரூவை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடுவதில்லை.

எந்த நிலையில் இதை மாற்றுவேன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் புதிது, சேம்பர் சுத்தம், கேஜ் முள் அசையவில்லை, நல்ல லாட் மூன்றில் சுட்டும் குரூப் 20 மி.மீ.க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அது பேரல்தான். அன்றைக்கும் பேரல் மாற்ற மாட்டேன். தாத்தாவின் இரட்டைக்குழலை அப்படியே வைத்துக்கொண்டு, இதை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, புது ரைஃபிளுக்கு விண்ணப்பம் கொடுப்பேன்.