மஞ்சக்குப்பத்தில் படித்த குடிமையியல்

பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் நான் நகர்மன்ற உறுப்பினராக இருந்தது தெரிந்ததும், "அரசியலுக்கு எப்படிக்கா வந்தீங்க?" என்று சங்கத்துத் தங்கைகள் கேட்கிறார்கள். சங்கத்து மலர் இதழுக்கு அதையே எழுதுகிறேன். ஆனால் கடலூரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்பதுகளில் கடலூரின் மஞ்சக்குப்பம் தென்னார்க்காடு மாவட்டம் முழுவதற்கும் தலைநகரம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வரலாறு டீச்சர் ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலை அங்கிருந்துதான் தொடங்கினார். அவரவர் தெருவில் உள்ள ஒரு குறையை மனுவாக எழுதி வரச் சொன்னார். அனுப்புநர், பெறுநர், பொருள். "யாருக்கு அதிகாரம் இருக்கோ அவருக்கு எழுது. குறையை நாலு வரியில சொல்லு. என்ன வேணும்னு கடைசியில கேட்டுடு." கேட்காமல் புலம்பி முடித்த மனுக்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அஞ்சலை அம்மாளைப் பற்றி முதலில் கேட்டதும் அவரிடம்தான். நம் கடலூர் முதுநகர்ப் பெண். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர், 1937-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

அப்புறம் கல்யாணம், புதுச்சேரி. மாமனார் ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். மாமியார் பிரான்சைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஜனாதிபதி தேர்தல் வந்தால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு புதுச்சேரி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார். நானோ பிறகு பாரிசுப் பக்கம் போய், வாடகையும் வரியும் கட்டிக் குடியிருந்தேன், எனக்கு ஓட்டு இல்லை. குடியுரிமைக்கு எழுதிப் போடலாம்தான். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கு மனம் வராமல் நெடுநாள் தள்ளிப்போட்டேன்.

அந்தத் தயக்கத்தைப் போக்கியது ஒரு பிளாஸ்டிக் பை. எங்கள் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருநாள் அதைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் கவிழ்த்தார். உறை பிரிக்காத கடிதங்கள். பிரெஞ்சு படிக்க வராது, பயந்து பிரிக்காமலே சேர்த்து வைத்திருக்கிறார். அதில் ஒன்று அரசு வாடகை வீட்டுக்கான விண்ணப்பத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம். அங்கே அந்த விண்ணப்பத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், தவறினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும், அதுவரை காத்திருந்த காலமும் கணக்கில் வராது. அவருக்குக் கெடு தாண்டியிருந்தது. அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன், டீச்சர் சொல்லிக்கொடுத்த அதே முறையில், பிரெஞ்சில். அதிலிருந்து காரைக்கால், புதுச்சேரி, வவுனியா என்று பெண்கள் வரத் தொடங்கினார்கள். பெறுநர் பெரும்பாலும் எங்கள் மேயர். அந்த மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் எனக்கு இல்லை. குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன்.

2000-இல் ஒரு சட்டம் வந்தது. நகராட்சித் தேர்தலில் கட்சிப் பட்டியல்களில் ஆணும் பெண்ணும் சரிபாதி இருக்க வேண்டும். 2001 தேர்தலுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் அவசர அவசரமாகப் பெண்களைத் தேடினார்கள். என்னையும் கேட்டார்கள், சந்தோஷமாகச் சம்மதித்தேன். எங்கள் ஊருக்கு 35 இடம். பட்டியலில் என் பெயர் 33-ஆவது. அங்கே வெல்லும் பட்டியலுக்குப் பாதி இடம் நேராகப் போகும். மீதிப் பாதி வாக்கு விகிதப்படி எல்லாருக்கும் பிரியும். மேலிருந்து எண்ணி வருவார்கள், ஆகவே 33-இல் இருப்பவர் வெறும் பெயர்தான். துண்டறிக்கையில் புடவை கட்டிய என் படம் இருந்தது, மன்றத்தில் நான் இல்லை. அந்த வலி நெடுநாள் இருந்தது.

2008 தேர்தலில் விதி இறுகியது, ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி வர வேண்டும். மறுபடி கேட்டபோது, பட்டியலில் 14-ஆவது இடத்துக்குப் பின்னால் என்றால் வேண்டாம் என்றேன். "உங்கள் நாட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் புதிதுதானே, பொறுமையாக..." என்று ஒருவர் ஆரம்பித்தார். சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு வந்ததைச் சொன்னேன், சொத்து இருந்தவர்களுக்குத்தான் என்றாலும். அஞ்சலை அம்மாள் சட்டசபைக்குப் போன 1937-இல் பிரான்சில் எந்தப் பெண்ணுக்கும் ஓட்டுரிமை கிடையாது, 1944-இல்தான் வந்தது என்றும் சொன்னேன். அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. 14 கிடைத்தது.

எண்ணிக்கை இரவில் நானும் போய் நின்றேன். நகராட்சிக் கூடத்தில் மேசைக்கு நால்வர். ஒருவர் உறையைப் பிரிக்க, ஒருவர் உரக்கப் படிக்க, இருவர் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். எல்லாரும் ஊர்க்காரர்கள். எங்கள் பட்டியல் வென்றதும் யாழ்ப்பாணத்து அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மன்றத்தில் நான் சாதித்தது என்று ஒன்றைத்தான் சொல்வேன். வேலைக்குப் போகும் பெண்களும் வரும்படி, மாலையில் நகராட்சியிலேயே கடிதம் எழுதித் தரும் ஒரு மேசை. மொழிபெயர்க்கவும் ஆள் உண்டு. பட்ஜெட் கூட்டத்தில் அதற்காக மன்றாட வேண்டியிருந்தது. நான் விலகிய பிறகும் அது நடக்கிறது. அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு தங்கை அதைக் கவனித்துக்கொள்கிறாள். அவளையும் தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எத்தனையாவது இடம் என்று எழுத்தில் தந்தால் யோசிக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறாள்.