பனைமரத்தை வைத்து ஸ்கேலைத் தெரிவு செய்யுங்கள்

மேசைப் போர் விளையாட்டுக்கு உருவங்கள் வாங்க வெளிக்கிடுகிற தம்பிமார் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, 28 மில்லிமீற்றர்தானே வடிவு?" வடிவுதான். மீசை வரைக்கும் தீட்டலாம். ஆனால் எந்தச் சண்டையை, எந்த நிலத்தில் ஆடப்போகிறோம் என்று தெரியாமல் ஸ்கேலை, அதாவது உருவங்களின் அளவை, முடிவு செய்யக்கூடாது.

நான் ஆடுவது 1803. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது, பிறகு ஒக்ரோபர் 31 அன்று கற்சிலைமடுவில் பிரித்தானியப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கிடம் தோற்றது. அண்மைய யுத்தத்தை மேசையில் வைக்கமாட்டேன். அது எங்கள் வீடுகளில் இன்னும் ஆறாத விஷயம்.

சரி, வன்னியில் சண்டை என்றால் காடு வேண்டும், குளக்கட்டு வேண்டும், பனை வேண்டும். 20 மீற்றர் உயரமான ஒரு பனையை எடுங்கள். 28 மில்லிமீற்றர் உயர உருவங்கள் ஏறக்குறைய 1/56, அதாவது உண்மையான அளவில் 56இல் ஒரு பங்கு. அதற்கு அந்தப் பனை 36 சென்ரிமீற்றர் வரும். அப்படிப் பத்துப் பனை நின்றால் இடையில் கைவிட்டு ஒரு ஆளை நகர்த்த முடியாது, தட்டுப்பட்டு விழும். 1/72 இல் 28 சென்ரிமீற்றர். 15 மில்லிமீற்றர் என்பது கிட்டத்தட்ட 1/100, அதில் 20. ஆறு மில்லிமீற்றர் ஏறக்குறைய 1/300, அதில் ஏழு சென்ரிமீற்றர் கூட இல்லை.

தூரம் இன்னும் முக்கியம். அந்தக் காலத்துத் துவக்கு 100 மீற்றருக்குள்தான் ஓரளவு நம்பிச் சுடக்கூடியது. 1/56 இல் அது 1.8 மீற்றர், அதாவது ஆறு அடி மேசையின் முழு நீளம். அதனால்தான் பெரிய உருவங்களுக்கான விதிகளில் தூரத்தைச் சுருக்கி வைக்கிறார்கள். வெட்டவெளிச் சண்டைக்கு அது பரவாயில்லை. பற்றைக்குள் பதுங்கியிருந்து தாக்குகிற சண்டையில், யார் யாருக்குத் தெரிகிறார்கள் என்பதே முழு ஆட்டமும். அடர்காட்டில் 30 மீற்றருக்கு அப்பால் ஆள் தெரியாது என்று வைத்தால், 1/100 இல் அது 30 சென்ரிமீற்றர். ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். எதையும் சுருக்கத் தேவையில்லை, அளவுநாடாவே போதும். நான் 15க்குப் போனது இதற்காகத்தான்.

கோட்டையையும் சுற்றுக் காட்டையும் ஒன்றாகக் காட்ட விரும்பினால் ஆறு மில்லிமீற்றர் நல்லது. அதில் உடை வித்தியாசம் மங்கிப்போகும். வன்னியர் படைக்கென்று உருவங்களை நான் எந்தக் கடையிலும் காணவில்லை என்பதால் அதுவும் ஒரு வசதிதான். 28இல் வேட்டியையும் குடுமியையும் நாமே பிசைந்து ஒட்டவேண்டி வரும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 1/72 பிளாஸ்ரிக் பெட்டிகளைச் சொல்வேன். விலை குறைவு, ஒரு பெட்டியில் நிறைய ஆட்கள். சவர்க்காரத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் தீட்டவேண்டும், இல்லாவிட்டால் அந்த மென்மையான, வளைகிற பிளாஸ்ரிக்கில் வர்ணம் உரியும்.

வாங்குமுன் ஈர்க்கிலும் மட்டையிலும் ஒவ்வொரு அளவுக்கும் நாலைந்து பனை செய்து மேசையில் நட்டு, கைவிட்டுப் பாருங்கள். 28 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பவேண்டாம்: சில தயாரிப்பாளர்கள் கண் வரைக்கும் அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரைக்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பதென்றால் இரண்டு இடத்தில் ஒவ்வொரு சின்னப் பொதி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். தோளும் தொப்பியும் ஒத்துவந்தால் மிச்சத்தை வாங்கலாம்.