ஒரு பிளாக்குக்காக ஐந்து நடை: அம்மாவின் இம்யூனோதெரபி அனுபவம்

ஐந்து நடை. அம்மாவின் நுரையீரலிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த ஒரு துளித் திசுவை வாங்க, முதலில் பயாப்சி செய்த மருத்துவமனைக்கு ஐந்து முறை நடந்தேன். அந்த கவுன்டரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்பாற்றலையே புற்றுநோயின் மேல் ஏவும் சிகிச்சை என்றதும் எல்லோரும் மருந்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். மருந்து ஏறுவது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவைதாம் எங்களை வாட்டி எடுத்தன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நுரையீரல் புற்றுநோயில் அடினோகார்சினோமா என்ற வகை, நான்காம் நிலை. திசுவில் மரபணு மாற்றம் எதுவும் இருக்கிறதா, பிடி-எல்1 என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சிகிச்சையை முடிவு செய்ய முடியும் என்றார் புற்றுநோய் மருத்துவர். பழைய பயாப்சியின் பாரஃபின் பிளாக்கை, அதாவது திசு பதித்த அந்த மெழுகுக் கட்டியை, வாங்கிவரச் சொன்னார்.

முதல் நடையில் அறிக்கையின் நகலைக் கொடுத்தார்கள். இரண்டாவது நடையில் ஸ்லைடுகள் கிடைத்தன. மகிழ்ச்சியோடு கொண்டுபோனால், எல்லாம் ஏற்கெனவே சாயமேற்றியவை. அவற்றில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாதாம். சாயமேற்றாத புதிய ஸ்லைடு வேண்டும், இல்லாவிட்டால் பிளாக்கே வேண்டும். மூன்றாவது நடையில் அம்மா கையெழுத்திட்ட கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார் அந்த எழுத்தர். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடினார். நான்காவது நடையில் பிளாக் கைக்கு வந்தது. விரலிடுக்கில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, நடுவே நூல் துண்டு போல இரண்டு பழுப்புக் கோடுகள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண், அதன் பின்னால் ஏ2.

ஏ2-வில் புற்றுநோயே இல்லை. அம்மாவின் திசுவை இரண்டு பிளாக்குகளாகப் பதித்திருக்கிறார்கள். நோய் இருந்தது ஏ1-இல். கவுன்டரில் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாவது நடை அதற்காக. அந்த ஏ1-உம் உதவவில்லை. பிடி-எல்1 கணக்கெடுக்கக் குறைந்தது 100 புற்றணுக்களாவது ஸ்லைடில் தெரிய வேண்டும். நோய் எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்காகவே முன்பு சீவித் தள்ளியதில் ஏ1 கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருந்தது. 'போதுமான திசு இல்லை' என்று ஒற்றை வரியில் முடிவு வந்தது.

ஆகவே முதல் பயாப்சி நாளன்றே சொல்லிவையுங்கள்: "பின்னால் மரபணு, பிடி-எல்1 சோதனைகள் தேவைப்படலாம், திசுவைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்." பிளாக் கேட்டுப் போகும்போது மருத்துவரின் கடிதத்தில் 'புற்றணுக்கள் அதிகமுள்ள பிளாக்' என்ற வார்த்தைகள் இருக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்துக் கடிதம் இரண்டு பிரதி. கொடுப்பதை வாங்கும் முன் பிளாக் எண்ணை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு மறுபடியும் ஊசி. சிடி ஸ்கேன் வழிகாட்டலில் முதுகுப்பக்கமாக. இந்த முறை நான் விழிப்பாக இருந்தேன். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்ட நேரத்தை எழுத வேண்டிய கட்டம் படிவத்தில் காலியாக இருந்தது. கேட்டால், "இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார் ஊழியர். ஊழியர் திசுவை ஊசியிலிருந்து எடுத்து பாட்டிலில் இட்டபோது மணி 11.20, அலைபேசியில் குறித்துக்கொண்டேன். மறுநாள் நோயியல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது, அதே நேரத்தைக் கேட்டு. 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஃபார்மலினில் ஊறிய திசுவைத்தான் நம்பிச் சோதிக்க முடியும் என்றார்கள். என்னிடம் பதில் இருந்தது. அந்த ஐந்து நடைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

பிடி-எல்1 முடிவு முதலில் வந்தது: 60 சதவீதப் புற்றணுக்களில் இருந்தது, இம்யூனோதெரபிக்கு ஏற்ற அளவு. மரபணு முடிவு வர இன்னும் நாளாகும் என்றதும் மருத்துவரிடம் குரலை உயர்த்திவிட்டேன். "60 வந்துவிட்டதே, இன்றே தொடங்கினால் என்ன?" அவர் பொறுமையாகச் சொன்னார். ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி பெரும்பாலும் பலன் தராது, அதற்கென்று மாத்திரைகள் இருக்கின்றன. அவசரப்பட்டு இதை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு அவற்றில் ஒன்றான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. காத்திருந்தோம். மாற்றம் எதுவும் இல்லை. என்னை அன்று தடுத்ததற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது பயாப்சியின் ஸ்லைடை எனக்குக் காட்டும்படி நோயியல் மருத்துவரிடம் கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன்; இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியின் எதிர்ப்பக்கத்தில் உட்காரவைத்தார். பெரிய பெரிய புற்றணுக்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் பழுப்பு வளையம். அந்தப் பழுப்புதான் பிடி-எல்1. அந்தத் திட்டைச் சுற்றி வரப்பு கட்டியது போல நெருக்கமாகச் சின்னஞ்சிறு கருநீலப் புள்ளிகள். "அவை லிம்போசைட்டுகள், உடம்பின் எதிர்ப்பணுக்கள். அவற்றில் புற்றணுவைத் தாக்கும் டி செல்களும் இருக்கின்றன" என்றார்.

அம்மாவின் உடம்பு இந்த நோயைக் கண்டுகொள்ளவே இல்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அப்படி அல்ல. டி செல்கள் கண்டுபிடித்திருக்கின்றன, பக்கத்தில் போயிருக்கின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தை உணர்ந்ததும் புற்றணு தன் மேற்பரப்பில் பிடி-எல்1-ஐ நிறைத்துக்கொள்கிறது. அது டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற புரதத்தைத் தொட்டதும் டி செல் அடங்கிவிடுகிறது. பழுப்பு நிறம் பல நேரங்களில் அங்கே ஏற்கெனவே சண்டை நடந்ததற்கான தடயம் என்றார் மருத்துவர். அந்தத் தொடுதலைத் தடுப்பதுதான் அம்மாவுக்கு ஏற்றவிருந்த பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் வேலை. பிடி-1-ஐ ஜப்பானில் தசுக்கு ஹொன்ஜோவின் குழு 1992-இல் கண்டறிந்தது. சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடையை விலக்கிக் கட்டியைக் கரைக்கலாம் என்று காட்டியவர் ஜேம்ஸ் அலிசன். 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பரிசு எனக்கு ரொம்ப நெருக்கமான செய்தியாகத் தெரிந்தது.

முதல் டோஸுக்கு முந்தின வாரம் இன்னொரு தடங்கல். இருமலுக்காக வேறொரு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிரெட்னிசோலோன், நாளுக்கு 20 மில்லிகிராம். ஸ்டீராய்டு டி செல்களை ஒடுக்கும். 10 மில்லிகிராமுக்கு மேல் எடுத்துக்கொண்டு இந்தச் சிகிச்சையைத் தொடங்கப் பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புவதில்லை. படிப்படியாகக் குறைக்க இரண்டு வாரம் போயிற்று. நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், இருமல் மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு முதல் சந்திப்புக்கே கொண்டுபோங்கள்.

எதிர்ப்பணுக்கள் மருந்துக்கு எப்படிப் பதில் சொல்கின்றன என்று பார்க்கும் ஆய்வு ஒன்று அங்கே நடந்தது. முதல் டோஸுக்கு முன்பும் அடுத்த டோஸுக்கு முன்பும் கொஞ்சம் ரத்தம் கொடுக்க வேண்டும். அம்மா உடனே சம்மதித்தார். அன்று காலை ரத்தம் எடுத்தவர் அந்தக் குழாய்களை வழக்கமான மாதிரிகளோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்திருந்தேன். அறை வெப்பநிலையில்தான் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஓடிப்போய் ஆய்வாளரான இளம்பெண்ணை அழைத்துவந்தேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. "குளிர்ந்துபோன ரத்தத்திலிருந்து டி செல்களைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. மருந்து ஏறிவிட்டால் 'முன்பு' என்ற மாதிரியை அம்மாவிடமிருந்து இனி எப்போதும் எடுக்கவும் முடியாது" என்றார். மருந்து இன்னும் ஏறவில்லை. அம்மா மறு கையை நீட்டினார்.

பிறகு அவரே விளக்கினார். மருந்து ஏறிய சில வாரங்களுக்குள், சோர்ந்துகிடந்த டி செல்களில் ஒரு பகுதி மறுபடி பெருகத் தொடங்குவதை ரத்தத்திலேயே பார்க்க முடியும். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தவர்களில் அது மூன்றாம் வாரவாக்கில் உச்சத்துக்குப் போனதைக் கண்டிருக்கிறார்கள். கட்டிக்குள் களைத்துப்போன பழைய செல்கள் எழுவது மட்டுமல்ல, வெளியிலிருந்து புதியவை வந்து சேர்வதும் நடக்கிறதாம். ஆனால் செல்கள் பெருகியவர்கள் எல்லோருக்கும் கட்டி சுருங்கிவிடுவதில்லை. ஏன் என்று தேடத்தான் அந்தக் குழாய்கள்.

டோஸ்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சிக்கலின்றிப் போயின. தைராய்டு சுரப்பு குறைந்தது; அதற்கு ஒரு மாத்திரை.

ஒன்பதாம் வார ஸ்கேன் எங்களை உலுக்கியது. ஒரு நிணநீர்க் கணு பெருத்திருந்தது. 'நோய் முற்றியுள்ளது' என்று அறிக்கை சொன்னது. அதை மருத்துவரிடம் போகும் முன் நானே படித்தது தவறு. இரண்டு இரவு தூக்கம் போயிற்று. அவர் முதலில் அம்மாவை எடை பார்த்தார். கூடியிருந்தது. இருமல் குறைந்திருந்தது. எதிர்ப்பணுக்கள் திரண்டு நுழைவதாலும் கணு வீங்கலாம், ஆனால் அது அரிது, பெரும்பாலும் வளர்ச்சி என்றால் வளர்ச்சிதான் என்று ஒளிக்காமல் சொன்னார். அம்மா தெம்பாக இருப்பதால் மருந்தைத் தொடர்ந்து, ஆறு வாரத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். ஆறாவது வாரம் கணு சுருங்கியிருந்தது. மூலக் கட்டியும் பாதியாகியிருந்தது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்திலேயே அழுதேன்.

அந்த நிம்மதி பதினோரு நாள்தான் நீடித்தது. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, நாளுக்கு ஆறேழு முறை. ஞாயிற்றுக்கிழமை இரவு அவசரப் பிரிவில் 'கீமோ நோயாளி' என்று எழுதிக்கொண்டார் பணியிலிருந்த மருத்துவர். வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்த்தார், சரியாக இருந்தது. பேதி நிற்கும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். கீமோ இல்லை, இம்யூனோதெரபி என்று இரண்டு முறை சொன்னேன். காதில் வாங்கவே இல்லை. கீமோவில் அணுக்கள் குறைவதுதான் ஆபத்து. இதில் அவிழ்த்துவிட்ட டி செல்கள் குடலையே தாக்குவதுதான் ஆபத்து. அந்த மாத்திரை போக்கை மறைத்துவைத்ததே தவிர அழற்சியை ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் காலை எங்கள் மருத்துவர் தொலைபேசியிலேயே வரச் சொல்லிவிட்டார். தொற்று இல்லை என்று மலச் சோதனையில் உறுதிசெய்துகொண்டு, அம்மாவின் எடைக்கேற்ப ஸ்டீராய்டு தொடங்கினார். குறைத்து நிறுத்த ஆறு வாரம் ஆயிற்று. பாதியில் நன்றாகிவிட்டதே என்று நிறுத்தினால் திரும்ப வரும், நிறுத்தாதீர்கள்.

மருந்தின் பெயர், கடைசி டோஸ் தேதி, 'எதிர்ப்பாற்றல் தொடர்பான பக்கவிளைவாக இருக்கலாம்' என்ற வரி, மருத்துவரின் எண் ஆகியவை உள்ள அட்டையை அன்றிலிருந்து அம்மா பையிலேயே வைத்திருக்கிறார். மருந்து நின்று மாதங்கள் கழித்தும் இந்த விளைவுகள் வரலாம் என்பதால் அட்டையை எறியக் கூடாது.

இப்போது மருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. கட்டி சுருங்கிய அளவிலேயே நிற்கிறது. போன வாரம் சோதனைக்கூடத்துக்குப் போய் இரண்டாவது பயாப்சியின் மீதி பிளாக்கைக் கேட்டேன். கையெழுத்துக் கடிதம் வைத்திருந்தேன், மருத்துவரின் கடிதமும் வைத்திருந்தேன். பதிவேட்டில் எண்ணைச் சரிபார்த்து, பிளாக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இன்னும் முக்கால்வாசித் திசு மிச்சமிருக்கிறது.