வீடு பார்க்க யாரைக் கூட்டிப்போவது?

பண்டாரவளைப் பக்கம் வீடு வாங்கும்போது நொத்தாரிசுக்குக் காசு கொடுக்கிறோம், நில அளவையாளருக்குக் கொடுக்கிறோம், புரோக்கருக்கும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். கட்டடத்தைப் பார்த்துச் சொல்கிறவருக்குக் கொடுக்க மட்டும் கை வருவதில்லை. "தெரிஞ்ச மேசன் பாஸ் ஒருத்தர் இருக்கார், பார்த்துச் சொல்வார்" என்று முடித்துவிடுகிறோம். வருஷக்கணக்காகக் கடன் கட்டப்போகிற காரியத்துக்கு இது போதவே போதாது.

"பேங்க் ஆள் வந்து பார்ப்பார்தானே?" என்று மாமா கேட்டார். அந்த மதிப்பீட்டாளர் பார்ப்பது வேறு. காணியும் வீடும் சந்தையில் என்ன விலை போகும் என்பதுதான் அவர் கணக்கு. கூரை மரத்தில் கறையான் இருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்பத்தில் சொந்த உறுதியோடு வீடு வாங்கப்போவது நான்தான் முதல். அதனால் ஆளைத் தேடுவதில் அவசரப்படவில்லை. புரோக்கர் ஒருவரைக் காட்டினார், வேண்டாம் என்றேன். வீடு கைமாறினால்தான் தனக்குக் காசு என்று இருப்பவர் கொண்டுவரும் ஆள் எப்படிக் குறை சொல்வார்? நானாகவே விசாரித்து, கிடைத்தவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? வயரிங், டைல்ஸ் என்றார் ஒருவர். இன்னொருவர், ஒரு பட்டயப் பொறியியலாளர், "பின்னால் மண் வெட்டியிருக்கா? எத்தனை அடி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மலைச்சரிவை வெட்டி வீடு கட்டும் எங்கள் பக்கத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். சரி, இவர்தான் என்று முடிவு செய்தேன். கட்டணத்தையும், அறிக்கை எழுத்தில் படங்களோடு வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிக்கொண்டோம்.

மழை நாளாகப் பார்த்துத்தான் வந்தார். வீட்டுக்குள் போகாமல் நேரே பின்பக்கத் தடுப்புச் சுவருக்குப் போனார். மழை கொட்டுகிறது, தண்ணீர் வடியச் சுவரில் வைத்திருந்த பி.வி.சி. குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினார். அரை அடிகூடப் போகவில்லை, களிமண் அடைத்திருந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்றார். சுவரின் நடுப்பகுதி லேசாகப் புடைத்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. மேலே மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டவே இல்லை.

உள்ளே புதுப் பெயின்ட். டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். ஜன்னல் மூலையிலிருந்து சீலிங் வரை சரிவாகப் போன வெடிப்பு, பூசி மறைத்த தடத்தோடு தெரிந்தது.

எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது அதற்குப் பிறகுதான். "கட்டடத்தைப் பற்றி நான் சொல்லலாம். இந்தச் சரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேளுங்கள்" என்றார். மண்சரிவு அபாய வரைபடங்கள் அவர்களிடம் இருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட நாம், இந்தப் பதுளை மாவட்டத்தில் அதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. மண் நகர்வதைக் காட்டும் அடையாளங்களாக, மரமோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா, புதிதாக ஊற்று கிளம்பிக் கலங்கலாக வருகிறதா என்று நாமே பார்க்கலாம். அக்கம்பக்கத்தாரிடமும் கேட்கலாம்.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். புரோக்கருக்குக் கோபம். இப்போது தியத்தலாவைப் பக்கம் ஒன்று பார்த்திருக்கிறோம். நவம்பர் மழையில் அதே பொறியியலாளர் வந்து பார்த்த பிறகுதான் விலை பேசுவோம் என்று சொந்தக்காரரிடம் சொல்லியாயிற்று. அவரும் சம்மதித்திருக்கிறார்.